நான் திருப்பிய தாள்

ஷர்மிளா என்னிடம் இரண்டு காரியங்கள் கேட்டாள். எழுத்தறிவு கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் புதிதாக ஒரு பயிற்சிக் கையேடு வருகிறது, அதற்கு என் அனுபவத்தை நாலைந்து பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது ஒன்று. கையேட்டோடு கைப்பேசியில் பார்ப்பதற்குச் சில வீடியோக்களையும் ஏற்றப்போகிறார்கள், அதில் என் பழைய மாதிரி வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. நான் ஓய்வு பெற்ற பிறகு போடியில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். "டீச்சர், அந்த வீடியோவப் பாத்துத்தான் நான் வாசிப்பு நடத்தவே கத்துக்கிட்டேன்" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். ஒன்பது நிமிட வீடியோ அது. முருகேஸ்வரி என்ற நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தை எங்கும் திக்காமல், ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் இழுத்தடித்தேன். வெற்றிக் கதைகள் என்னிடமும் நிறைய உண்டு. பயிற்சிக்குப் பயிற்சி சொல்லி எனக்கே சலித்துப்போனவை. இந்தக் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சமீபத்தில் ராசிங்காபுரம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்வந்த பிறகு இதைத் தவிர வேறு எதையும் எழுதக் கை வரவில்லை.

பத்து வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியபின் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கிறவளாக ஆனேன். வார நாட்களில் பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். சனிக்கிழமை ஆசிரியர்களைக் கூட்டிவைத்துப் பேச வேண்டும். சனிக்கிழமைப் பயிற்சிக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பல் பிடுங்க வந்தவர்கள் தேவலை. எழுத்து அட்டைகளும் கதைப் படங்களும் செய்து கொடுத்தால் அவற்றைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், கிழிந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று.

வகுப்பை அடக்குவதில் எனக்கு ஒரு பேர் இருந்தது. நான் இரண்டு தட்டுத் தட்டினால் பிள்ளைகள் மூன்று தட்டுத் தட்டி வாயை மூடிவிடுவார்கள். ஐந்தைந்து பேராகக் குழு, குழுவுக்கு ஒரு தலைவர், தலைவர் வாசிக்க மற்றவர்கள் சேர்ந்து வாசிக்க வேண்டும். அதிகாரிகள் பார்வைக்கு வருகிற நாளில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புகிற வழக்கம் சில பள்ளிகளில் இருந்தது. அந்தச் செடிகளுக்கு அன்றைக்கு மட்டும் மூன்று வேளை தண்ணீர் கிடைக்கும். நான் அப்படிச் செய்ததே இல்லை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். உண்மைதான், நான் யாரையும் வெளியே அனுப்பவில்லை. கூட்டத்தோடு சேர்த்து வாசிக்க வைத்து அவர்களை உள்ளேயே ஒளித்துவைத்தேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

இது தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் மேற்பார்வையாளர் ஜமால் சார். போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம் அவர்களுடையது. அண்ணன் தம்பியெல்லாம் கடையில் உட்கார, இவர் மட்டும் வாத்தியார் வேலைக்கு வந்தவர். வகுப்பைப் பார்க்க வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டார். கடைசி வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்துகொள்வார். முக்கால் மணி நேரமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"செவத்தோரமா பச்சப் பாவாட போட்ட புள்ள ஒண்ணு இருந்துச்சே, அது என்னம்மா செஞ்சுச்சு?"

பாடம் எப்படி, பலகையில் எழுத்து எப்படி என்று ஒன்றும் கேட்கமாட்டார். எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகமே இருக்காது. "கூட சேந்து படிச்சுச்சு சார்" என்பேன். "வாய் அசஞ்சுச்சு. அது சரி" என்பார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு. அதற்கு ரெண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அந்தக் கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு ஓட்டை அட்டை என்று பெயர். நடுவில் ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். அதை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. பிள்ளைக்கு எதிரே உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். சுற்றி வேறு யாரும் இருக்கக் கூடாது. படத்தை இடது கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்தின் கடைசிச் சொல்லில் அட்டையை வைக்க வேண்டும். பிறகு மேலே ஒரு சொல், நடுவே ஒரு சொல், இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். மனப்பாடமாகச் சொல்லுகிற பிள்ளை முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்ளும். அப்போது தப்பு என்று சொல்லக் கூடாது. "சரித்தா, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

"மறுநாள் பாக்கலேன்னா இந்த அட்டைய வைக்கவே வைக்காதம்மா" என்பார். "புள்ளைய அம்பலப்படுத்திட்டு அப்படியே விட்ட மாதிரி ஆயிரும்."

எனக்கும் ஒரு அட்டை செய்து கொடுத்திருந்தார். அது என் கைப்பையிலேயே கிடந்தது.

குரங்கணி போகிற வழியில் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில், திங்களும் வெள்ளியும் நான் மாதிரி வகுப்பு எடுத்துவந்தேன். பாதிப் பிள்ளைகளின் தாய் தகப்பன் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள். காய் எடுப்புக் காலத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேலே தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் போய்த் தங்கிவிடுவார்கள். முருகேஸ்வரியும் அப்படி மலைக்கும் கீழுக்குமாக அலைந்த பிள்ளைதான். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. வருடத்தில் பாதி நாள் வரமாட்டாள். வந்தால் கணீரென்று இருக்கும் குரல். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள்.

நான் கையால் செய்த கதைப் புத்தகம் ஒன்று அந்த வகுப்பில் பிரபலம். ஒரு கருப்பாட்டின் கழுத்து மணி அறுந்து விழுந்துவிடும். ஆடு அதைத் தேடிக்கொண்டு காகத்திடமும் ஓடையிடமும் கேட்டுக்கொண்டே போகும். மணி கிடைக்காது. கடைசியில் ஆடு தானே 'மே' என்று கத்தும், அம்மா ஆடு ஓடி வரும். தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதி, படம் ஒட்டியிருந்தேன்.

அந்த வகுப்பை வீடியோ எடுத்துப் பல ஊர்ப் பயிற்சிகளுக்கும் அனுப்பப்போகிறார்கள் என்று ஒருநாள் தகவல் வந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கேமராவில் பளிச்சென்று தெரியட்டும் என்று முதல்நாள் சாயங்காலம் புத்தகத்தில் நைந்துபோன படங்களைப் பிய்த்துவிட்டு, புதுப் படங்களை மைதாப் பசை வைத்து ஒட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் போனால், நன்றாக வாசிக்கிற திவ்யாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றார்கள். கேமராக்காரர்கள் வந்துவிட்டார்கள். வகுப்பில் கணீர்க் குரல் வேறு யாருக்கு இருக்கிறது? முருகேஸ்வரியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"படிச்சிருவியாத்தா?"

"படிச்சிருவேன் டீச்சர்."

அவள் வாசித்தாள். முதல் தாள், இரண்டாம் தாள். என்ன குரல், என்ன நிறுத்தம்! இரண்டாம் தாளைப் புரட்டினாள். பசை இன்னும் சரியாகக் காயவில்லை. இரண்டாம் தாளோடு மூன்றாம் தாளும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டுவிட்டது. திறந்து கிடந்தது நான்காம் தாள், காகத்தின் படம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, விரலை வரியில் ஓட்டியபடி, "ஆடு புதருக்குள் நுழைந்தது. மணி அறுந்து விழுந்தது" என்று சொன்னாள். அது மூன்றாம் தாளில் இருப்பது. அவள் விரல் காகத்தைப் பற்றிய வரியின் மேல் போய்க்கொண்டிருந்தது.

சொல்லிவிட்டுக் குனிந்தாள். காகத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு ஒரு எழுத்தும் தெரியாது. 'நிறுத்துங்கள்' என்று நான் சொல்லியிருக்கலாம். வேறு பிள்ளையை வைத்து மத்தியானம் எடுத்திருக்கலாம். நான் கையை நீட்டி, ஒட்டியிருந்த இரண்டு தாள்களையும் பிரித்து, புதர்ப் படத்துக்குத் திருப்பி வைத்தேன். அவள் மேற்கொண்டு சொல்லி முடித்தாள். கேமராவுக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தின் விளிம்பும், அவள் முகமும், குறுக்கே வந்துபோன என் வளையல் கையும்தான். பிள்ளைகள் மூன்று தட்டுத் தட்டினார்கள். போகும்போது அவள் முதுகைத் தட்டி, "திங்கக்கிழமை வாத்தா, பாப்போம்" என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே ஜமால் சார் வீடியோவைப் பார்த்தார். என் கை வருகிற இடத்தை நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்துல ஏன்மா கை வச்ச?"

"தாள் ஒட்டிக்கிச்சு சார்."

"அது சரி. இந்தப் புள்ளைக்கு ஓட்டை அட்டை வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"நீ பாத்தேன்னா சரிதாம்மா" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைப் பைக்குள் வைத்தார். முப்பது வருட வேலையில் நான் சொன்ன பொய்கள் எத்தனையோ இருக்கும். இதை மட்டும் என்னால் விழுங்க முடிந்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சாப்பிட உட்காருகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

திங்கட்கிழமை நான் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை. வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும் என்று தேனிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் வேறு ஊர். எங்கே போனாலும் கைதட்டல், சால்வை. மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். முருகேஸ்வரி காய் எடுப்புக்கு மேலே போய்விட்டாள் என்றார்கள். உள்ளுக்குள் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பில் அவளைப் பார்த்தேன். வாசிக்க வராத பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியை தனியாக ஒரு சிறப்பு வகுப்பு ஆரம்பித்திருந்தார். முருகேஸ்வரியையும் அதில் சேர்க்கலாமே என்று பட்டும்படாமல் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"என்ன டீச்சர் வெளையாடுறீங்களா? வீடியோவுல வந்த புள்ளயப் போயி அதுல சேத்தா ஊரு சிரிக்காது?"

'இல்லை, அவளுக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த வீடியோ அதற்குள் எத்தனையோ ஊர்களுக்கு சி.டி.யாகப் போயிருந்தது. என் பேரும் கூடவே போயிருந்தது. வகுப்பு வாசலில் அவளை நிறுத்தி, "நல்லாப் படிக்கிறியாத்தா?" என்று கேட்டேன். "படிக்கிறேன் டீச்சர்" என்றாள். இரண்டு பேரும் அவரவர் வழியே போனோம். என் கைப்பையில் அட்டை இருந்தது.

ஜமால் சார் சில வருடங்களுக்கு முன்பு மௌத்தாகிவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மகன், "அத்தா ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்வாங்க டீச்சர்" என்றான். என்ன சொல்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி ராசிங்காபுரம் பக்கத்துப் பள்ளிக்கு வருகிறேன். பிள்ளைகளைப் புதிதாகச் சேர்க்கிற நேரம். ஷர்மிளா அங்கே வகுப்பு பார்க்கப் போனபோது, "நீங்களும் வாங்க டீச்சர், எழுத ஒரு உந்துதலா இருக்கும்" என்று என்னையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். அவள் உள்ளே தலைமையாசிரியரோடு பேசிக்கொண்டிருக்க, நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சேர்க்கைக்கு வந்த அம்மாக்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, ஆறு வயது மகளைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து விண்ணப்பத்தை நீட்டினாள். முப்பது வயதுகூட இருக்காது.

"டீச்சர், இத கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். கண்ணாடி கொண்டாரல."

வாங்கி எழுத ஆரம்பித்தேன். குழந்தையின் பெயர், பிறந்த தேதி. தகப்பன் வேலை, ஜீப்பு டிரைவர். தாய் வேலை, போடியில் ஏலக்காய் கிட்டங்கியில் காய் பொறுக்குவது. தாயின் படிப்பு, எட்டாப்பு. தாயின் பெயர் என்று கேட்டேன்.

"முருகேஸ்வரி."

அந்தக் கணீர்க் குரல். பெயரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். மற்றவர்களை உள்ளே கூப்பிட்டு அவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள வரும்போதே ஒங்களத் தெரிஞ்சிருச்சு டீச்சர். அதான் ஒங்ககிட்ட கொண்டாந்தேன். கண்ணாடின்னு சொன்னது நின்ன ஆளுகளுக்காக. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க தாளத் திருப்பி வச்சீங்கள்ல, அப்பவே தெரியும், கண்டுபிடிச்சிட்டாங்கன்னு. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஒரே சந்தோசம் டீச்சர். திங்கக்கிழமை பாப்போம்னு சொன்னீங்க, இனிமே சொல்லிக் குடுத்துருவாங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு எங்கம்மா மேல போகக் கூப்புட்டாங்க. வரமாட்டேன்னு அழுது நின்னுட்டு, பள்ளிக்கூடம் தொறக்க முன்னாடியே வெரசா வந்து ஒக்காந்திருந்தேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்க வரல. மூணு வாரம் பாத்தேன். அதுக்கப்பறம் நான் யாருகிட்டயும் தெரியாதுன்னு சொல்லல டீச்சர். எல்லாரும் வீடியோப் புள்ள வீடியோப் புள்ளன்னு சொல்றப்ப எப்புடிச் சொல்ல?"

நான் அழுதேன். அவள்தான் முந்தானையைக் கொடுத்தாள். "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல, வீட்டுக்கு வா, நான் சொல்லித் தர்றேன்" என்றேன். எங்களைப் போன்றவர்களுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

"பாப்போம் டீச்சர். காய் பொறுக்குற சோலி ஆறு மணி வரைக்கும் கெடக்கு" என்றாள்.

அப்போது ஷர்மிளா வெளியே வந்தாள். விண்ணப்பத்தில் பெயரையும் பக்கத்தில் இருந்தவளின் முகத்தையும் பார்த்துவிட்டு, "குரங்கணி முருகேஸ்வரியா! அந்த முருகேஸ்வரியா!" என்று துள்ளினாள். "பாப்பா, ஒங்கம்மா எப்படிப் படிப்பாங்க தெரியுமா? டீச்சர், அம்மாவும் மகளும் சேந்து வாசிக்கிற மாதிரி ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கவா?" என்று கைப்பேசியை எடுத்துவிட்டாள்.

முருகேஸ்வரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அன்று காகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த அதே பார்வை. நான் கைப்பேசியின் மேல் கையை வைத்து, "வேணாம் ஷர்மிளா. அந்த வீடியோவும் வேணாம். ஏன்னு எழுதித் தர்றேன்" என்றேன். ஷர்மிளாவின் முகம் சுருங்கிவிட்டது. இதைப் படிக்கும்போது அவள் மன்னிப்பாளோ என்னவோ.

எழுதலாமா என்று முருகேஸ்வரியிடம் தனியாகக் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், நான் படிக்கவா போறேன்" என்று சிரித்தாள். பேரை மாற்றட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். ஆகவே ஷர்மிளா, கட்டுரை இதுதான். கையேட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. ஜமால் சாரின் ஓட்டை அட்டையையும் இத்துடன் உறையில் வைத்திருக்கிறேன். அதை எப்படி வைக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். மறுநாள் பார்க்க முடியாது என்றால் வைக்காதே.

அன்று நாங்கள் கிளம்பும்போது முருகேஸ்வரி மகளின் கையை, இனி இங்கே வகுப்பு பார்க்க வரப்போகிற ஷர்மிளாவின் கையில் கொடுத்தாள். "நல்லா ஞாபகம் வச்சுக்குவா டீச்சர் இவ. ஒருதடவ கேட்டாப் போதும், அப்புடியே சொல்லுவா. என்னய மாதிரி" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

"இவ கடகடன்னு படிச்சான்னா ஒடனே கை தட்டிராதீங்க. ரெண்டு தாளச் சேத்துப் பெரட்டி விட்டுப் பாருங்க."